பேசாத கட்டை

எங்கள் கட்டட லிஃப்ட்டுக்குக் காசு போட வேண்டும்.
ஏறுவதற்குப் பத்து தெத்ரி. இறங்குவது இலவசம்.
திபிலீசியின் வட ஓரம், குல்தானி, ஒன்பதாம் மாடி:
வந்து சேர்கிற எல்லோரும்
பாடத்துக்கு முன்பே எதையோ கட்டிவிட்ட முகத்தோடு
கோட்டைக் கழற்றுகிறார்கள்.

மூடிய பள்ளியொன்றில் வாங்கிய பியானோ.
லிஃப்ட்டில் நுழையவில்லை.
நாலு பேர், பதினாறு திருப்பம்,
ஆறாவது திருப்பத்தில் உள்ளே ஒரு சத்தம்.
அன்றிலிருந்து நடு ஸிக்கு வலப்பக்கம்
மூன்றாவது கறுப்புக் கட்டை பேசுவதில்லை.
அழுத்தினால் இறங்கும், விட்டால் ஏறும், அவ்வளவுதான்.
தூக்கி வந்தவர்களிடம் இருபது லாரி பிடித்துக்கொண்டேன்.

எஃப் ஷார்ப்.
ஸி மேஜர் முடிந்து பக்கத்தைத் திருப்பினால்
முதல் வேலையே அதனிடம்தான்.
சரிபார்க்க ஆகும் செலவு பதினோரு பாடத்தின் கட்டணம்.
பிறகு பார்க்கலாம் என்றிருந்தேன்.

திங்கள் நாலு மணிக்குத் தெக்லே. ஏழு வயது.
அந்த இடம் வந்ததும் நாக்கைச் சொடுக்கி 'டொக்' என்பாள்.
யாரும் சொல்லித் தரவில்லை. தாளம் தப்பாது.

ஆறு மணிக்கு நாஸிப்ரோலா,
லிலோ சந்தையில் கணக்கெழுதுகிறவர்,
அறுபத்தொரு வயதில்
நகம் வெட்டச் சொன்னால் மட்டும் கோபம் வரும்.
வராக்கடனைத் தாண்டுவதுபோல் அதைத் தாண்டிப் போவார்.
புத்தக ஓரத்தில் பென்சில் கோடுகள்.
மாதக் கடைசியில் சொன்னார்:
"முப்பத்தெட்டு சுரம் பாக்கி."
சிரிக்கவில்லை.

ரெஸிக்கு ஜூனில் நுழைவுத் தேர்வு.
அவன் அதைக் குத்துகிறான்.
அடித்தால் பேசிவிடும் என்று நம்புகிற வயது.

புதன் மதியம், கடை சாத்திவிட்டு மிந்தியா.
மண் அடுப்புக்குள் குனிந்து ரொட்டி ஒட்டுகிற கை,
முழங்கைவரை மயிர் கருகியது.
"சில்லென்று இருக்கிறதே" என்பார், ஒவ்வொரு முறையும்,
கட்டைகளைத் தொட்டதும்.
விருந்து மேசையில் அடிக்குரல் பாடிப் பழகியவர்;
விடுபட்ட சுரத்தை
இரண்டு ஸ்தாயி கீழே
தாமே பாடிவிடுவார்.
பாட்டு நிற்காது.
எஃப் ஷார்ப் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு ஆள் இருந்தார்.
தடுத்திருக்க வேண்டும். நான் படித்த இடத்தில்
மூச்சு சத்தமாக விட்டாலே முதுகில் பென்சில் விழும்.

மார்ச்சில் லமாரா வந்தார், திருப்புளியும் டார்ச்சுமாக.
ஒன்பது நிமிடம்.
உள்ளேயிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தது
ஒரு துண்டுச் சாக்பீஸ்.
எந்த வகுப்பிலோ எவனோ போட்டது,
திருப்பத்தில் உருண்டிருக்கும்.
அந்த நாலு பேரின் ஃபோன் நம்பர்
என்னிடம் இல்லை.

திங்கள். தெக்லேயின் 'டொக்'கும் சுரமும்
ஒன்றாக விழுந்தன.
சுட்டதுபோல் விரலை இழுத்துக்கொண்டாள்.
"இது யாரு?"

நாஸிப்ரோலா பாடம் முடிந்தும் எழவில்லை.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
எஃப் ஷார்ப், எஃப் ஷார்ப், எஃப் ஷார்ப்,
நூற்றுப்பன்னிரண்டு தடவை, உதடசைய எண்ணி,
பாக்கியைத் தீர்த்தார்.
கீழ்வீட்டுக்காரர் குழாயைத் தட்டினார்.
கடைசி இருபது மெதுவாக வந்தன.
அவ்வளவு நல்ல தொடுகை
அவர் கையில் அதற்குமுன் கேட்டதில்லை.

புதன்.
மிந்தியா வழக்கம்போல் பாடினார்.
பக்கத்தில் பியானோவும் பாடியது.
நிறுத்தினார். கட்டையை மறுபடி தொட்டார்,
அணையும்வரை கேட்டார்.
"நான் கீழே இருந்திருக்கிறேன்."
"ஒரு மயிரிழை."
"உங்களுக்குத் தெரியுமா?"

ஐந்து மாதமாகத் தெரியும்.

முதலிலிருந்து என்றேன்.
இடது கை மட்டும்.
வாசித்தார். அந்த இடம் வந்தது,
போயிற்று.
வாயைத் திறந்தே வைத்திருந்தார்.